பூச்சிய வட்டியில் சுவிஸ் மணிக்கூடு: வட்டியை யார் கட்டுகிறார்?

கொழும்பில் கொஞ்சம் பெரிய மணிக்கூட்டுக் கடைகளுக்குப் போனால் கண்ணாடிப் பெட்டிக்குள் பெரும்பாலும் இரண்டு விலைகள் இருக்கும். முழு விலை சின்ன எழுத்தில். மாதத் தவணை பெரிய எழுத்தில், பக்கத்தில் ஏதாவதொரு வங்கியின் சின்னத்தோடு. ஆறு இலட்சம் ரூபா என்றால் வாசலோடு திரும்பியிருக்கக்கூடிய மனிதர், "மாசம் ஐம்பதாயிரம், பன்னிரண்டு மாசம், வட்டி இல்லை" என்று கேட்டதும் நின்று கையில் கட்டிப் பார்க்கிறார். கட்டிப் பார்த்ததைக் கழற்றிக் கொடுப்பது கஷ்டம் என்பது விற்பவருக்கும் தெரியும்.

வட்டி இல்லை என்பது பொய்யில்லை. பன்னிரண்டு ஐம்பதாயிரம் ஆறு இலட்சம்தான், ஒரு சதமும் அதிகமில்லை. ஆனால் எந்த வங்கியும் தர்மத்துக்கு ஒரு வருடம் கடன் கொடுப்பதில்லை. கொடுத்த காசுக்கு அது கூலி வாங்கியே தீரும். உங்களிடம் வாங்கவில்லை என்றால் கடைக்காரரிடம் வாங்குகிறது. கடைக்காரர் அந்தக் கூலியை எதற்குள் வைத்திருக்கிறார் என்று பிடித்துவிட்டால், தவணையில் வாங்கலாமா என்ற கேள்வியில் பாதி தீர்ந்தது. மற்றப் பாதி மணிக்கூட்டைப் பற்றியது: தவணைக்குக் கிடைக்கிற மணிக்கூடு எது, கிடைக்காதது எது என்பதே நிறையச் சொல்லிவிடுகிறது.

முதலில் பணம் போகும் வழி. சாதாரணமாகக் கடனட்டையை இழுத்தால் வங்கி சிறு தரகு கழித்துக்கொண்டு மிச்சத்தை ஓரிரு நாளில் கடைக்குக் கொடுத்துவிடும். தவணைத் திட்டத்திலும் கடைக்குக் காசு உடனே வந்துவிடுகிறது; உங்கள் கடன் வங்கியோடுதான். வித்தியாசம் தரகில். பன்னிரண்டு மாதம் காத்திருக்கப் போகிற வங்கி அதற்கேற்பக் கூடுதலாகக் கழிக்கிறது, இருபத்து நான்கு மாதம் என்றால் இன்னும் கூட. ஆகவே ஆறு இலட்சத்துக்கு விற்ற கடைக்காரரின் கைக்கு ஆறு இலட்சம் வருவதில்லை. இது அவருக்கு விலை ஒட்டும்போதே தெரியும். தெரிந்துதான் ஒட்டுகிறார்.

இன்னொரு வகையும் இருக்கிறது. கடையில் முழுத் தொகையையும் இழுத்துவிட்டு, பிறகு வங்கிக்குத் தொலைபேசி எடுத்து அதைத் தவணையாக மாற்றிக் கேட்பது. இங்கே கடைக்கு எந்தத் தொடர்பும் இல்லை, அதனால் கூலி நேரே உங்களிடம்தான் வரும். அதற்கு வட்டி என்று பெயர் வைக்காமல் "கையாளல் கட்டணம்" என்று வைப்பார்கள். ஆறு இலட்சத்துக்கு 3 சதவீதக் கட்டணம் என்று வைத்துக்கொள்ளுங்கள்: 18,000 ரூபா முதல் மாதமே கட்டிவிடுகிறீர்கள். கணக்குப் போட்டால் ஆண்டுக்கு ஏறத்தாழ 5.6 சதவீத வட்டி. பெரிய வட்டி இல்லை, ஆனால் பூச்சியமும் இல்லை.

கடை தருகிற உண்மையான பூச்சிய வட்டிக்கு வருவோம். அங்கே கேட்கவேண்டியது ஒரேயொரு கேள்வி: "முழுக்காசும் இப்பவே தந்தா என்ன விலை?"

இதைக் கேட்க நம்மவர்களுக்கு ஏனோ கூச்சம். புறக்கோட்டையில் ஒரு சாரத்துக்கு நூறு ரூபா குறைக்கப் பத்து நிமிடம் நிற்பவர், குளிரூட்டிய காட்சியறைக்குள் ஒரு தேத்தண்ணியைக் கையில் கொடுத்து உட்கார வைத்தவுடன் ஒட்டியிருக்கும் விலை கல்லில் எழுதியது என்று நினைத்துவிடுகிறார். பல பிராண்டுகளுக்கு அது அப்படியில்லை. வங்கிக்குப் போகவிருந்த தரகையாவது கழித்துத் தர விற்பவருக்கு இடம் இருக்கிறது. விற்பனை மந்தமான மாதமென்றால் அதற்கு மேலும் இறங்குவார்.

அவர் 10 சதவீதம் கழித்து 5,40,000 என்கிறார் என்று வைப்போம். இப்போது தவணையின் நிறம் மாறுகிறது. உங்கள் முன்னால் இருப்பது 5,40,000 ரூபா மணிக்கூடு; அதைத் தவணையில் எடுத்தால் 60,000 கூட. ஆறு இலட்சத்துக்கு அறுபதாயிரம், அப்படியானால் 10 சதவீத வட்டி என்று பலர் நினைப்பார்கள். அங்கேதான் கணக்கு இடிக்கிறது. 5,40,000 ரூபாவை நீங்கள் ஒரு வருடம் முழுக்க வைத்திருக்கவில்லை. ஒவ்வொரு மாதமும் ஐம்பதாயிரமாகத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே வருகிறீர்கள். வருடத்தின் சராசரியில் உங்களிடம் நின்ற கடன் மூன்று இலட்சத்துக்குக் கிட்டத்தான். மூன்று இலட்சத்துக்கு அறுபதாயிரம் என்றால் ஆண்டுக்கு ஏறத்தாழ 20 சதவீதம்.

இதே 10 சதவீதக் கழிவை விட்டுக்கொடுத்து ஆறு மாதத் திட்டத்தில் எடுத்தால் ஆண்டு வட்டி 37 சதவீதத்தைத் தொடும். இருபத்து நான்கு மாதத் திட்டத்தில் எடுத்தால் 10 சதவீதத்துக்குச் சற்று மேலே இறங்கிவிடும். கழிவு ஒன்றேயாக இருந்தால் தவணைக்காலம் நீளநீள உங்களுக்கு இலாபம், குறையக்குறைய நட்டம். சாதாரணமாக நாம் நினைப்பது இதற்கு நேரெதிர்: "கெதியாய்க் கட்டி முடிச்சா நல்லது." வட்டிக் கடனுக்கு அது சரி. விலைக்குள் வட்டி ஏற்கனவே ஏறிவிட்ட கடனுக்குச் சரிவராது.

கழிவு 5 சதவீதம் மட்டுமே என்றால், பன்னிரண்டு மாதத் தவணைக்கு வரும் மறைமுக வட்டி 9.6 சதவீதம். இங்கே முடிவு சற்றுத் தடுமாறும். காசு கையில் இருப்பவருக்கு அதைக் கொடுத்து முடிப்பதே இன்னமும் நல்லது. காசு இல்லாதவருக்கு, அவசியம் வாங்கத்தான் வேண்டும் என்றால், இந்த வட்டிக்கு வேறெங்கும் எளிதில் கடன் கிடைக்காது.

ஒரு சதமும் குறைக்கமாட்டேன் என்று கடை நிற்கிறது. அப்போது? தவணையை எடுங்கள், தயங்க வேண்டாம். அந்த ஒரு நிலைமையில் வட்டியைக் கடைக்காரர்தான் கட்டுகிறார், நீங்கள் மறுத்தாலும் அந்தக் காசு உங்களுக்குத் திரும்பி வராது. ஆனால் அதனால் வரும் இலாபத்தைப் பெரிதாகக் கற்பனை செய்யவும் வேண்டாம். ஆறு இலட்சத்தையும் வங்கியில் வைத்து மாதாமாதம் எடுத்துக் கட்டினால் கணக்கில் சராசரியாக நிற்பது 3,25,000 ரூபா. 8 சதவீதம் கிடைத்தால் 26,000. 2025 ஏப்ரலிலிருந்து வட்டி வருமானத்தில் 10 சதவீதம் நிறுத்தி வைத்தல் வரியாகப் போவதால் கையில் 23,400. அதுவும் நிலையான வைப்பில் மாதாமாதம் கை வைக்க முடியாது. சாதாரண சேமிப்புக் கணக்கில் 3 சதவீதம் என்றால் பத்தாயிரத்துக்கும் குறைவு. ஒரு தவணை பிந்தினால் இதிலும் ஒரு பங்கு கரைந்துவிடும்.

பிந்தினால் என்ன நடக்கும் என்பது விளம்பரத்தில் இல்லாத பகுதி. கடனட்டைக் கூற்று வரும்போது அதில் கடையின் பெயருக்குப் பக்கத்தில் 1/12, அடுத்த மாதம் 2/12 என்று ஒரு வரி இருக்கும். அந்த 50,000 அந்த மாதத்துக் கொள்வனவுகளோடு ஒன்றாகச் சேர்ந்துவிடுகிறது. முழுவதையும் கட்டினால் பிரச்சினை இல்லை. ஆகக்குறைந்த தொகையை மட்டும் கட்டிவிட்டு அடுத்த மாதம் பார்க்கலாம் என்று விட்டால் மிச்சத்துக்குக் கடனட்டையின் வழமையான வட்டி ஓடத் தொடங்கும்; அந்த மாதம் வாங்கிய மரக்கறிக்கும் பெற்றோலுக்கும் இருந்த வட்டியில்லா நாள்களும் சேர்ந்து போய்விடும். தொடர்ந்து தவறினால் திட்டத்தையே இரத்துச் செய்து மீதி முழுவதையும் ஒரேயடியாகக் கேட்கும் விதி பல ஒப்பந்தங்களில் இருக்கிறது.

அந்த வழமையான வட்டி எவ்வளவு என்பதைக் கடந்த சில வருடங்கள் நமக்கு நன்றாகவே காட்டின. 18 சதவீதமாக இருந்த உச்சவரம்பை மத்திய வங்கி 2022 ஏப்ரலில் நீக்கியது. அந்த ஆண்டுக்குள்ளேயே கடனட்டை வட்டி 36 சதவீதம் வரை போனது. 2023 ஓகஸ்டில் மறுபடி வரம்பு வந்தது: கடனட்டைக்கு 28 சதவீதம், நகை அடைவுக்கு 18 சதவீதம். இந்த இரண்டு இலக்கங்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வீட்டில் காப்பை அடைவு வைத்து மணிக்கூடு வாங்குவது கேவலம் என்றும், அட்டையில் இழுப்பது நாகரிகம் என்றும் நினைக்கிறோம். அந்த வரம்புகளின்படி, தவணை தவறிய அட்டைக் கடன் அடைவுக் கடனைவிடப் பத்துச் சதவீதம் கூட.

இன்னும் இரண்டு விடயங்கள் சுருக்கமாக. ஆறு இலட்சத்துக்கு இழுத்தவுடன் அட்டையின் எல்லையில் ஆறு இலட்சமும் அடைபட்டுவிடும், தவணை கட்டக் கட்டத்தான் திறக்கும். அவசரத்துக்கு வைத்தியசாலையில் அட்டையை நீட்டும்போதுதான் இது பலருக்கு நினைவு வரும். மற்றது, 1990 இல் அமைக்கப்பட்ட கடன் தகவல் பணியகத்தின் அறிக்கையில், நாம் 'கிரிப்' என்று சொல்கிறோமே, அதில் இந்த நிலுவை தெரியும். அடுத்த ஆறு மாதத்தில் வீட்டுக்கடனோ வாகன லீசிங்கோ கேட்க யோசிப்பவர் அதையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

எந்த மணிக்கூட்டுக்குத் தவணை கிடைக்கும்?

இங்கேதான் எனக்குச் சுவாரசியமே. பூச்சிய வட்டி என்பது விலைக்கழிவின் இன்னொரு உருவம். விற்கக் கஷ்டப்படும் பொருளுக்குத்தான் கழிவு தேவை. ஆகவே வட்டியில்லாத் தவணைப் பலகை எந்தப் பெட்டிக்கு மேல் தொங்குகிறதோ, அந்தப் பெட்டிக்குள் இருப்பவை தாமாக ஓடி விற்பவை இல்லை என்று ஊகிக்கலாம். ஆள்கள் வரிசையில் நிற்கும் மணிக்கூட்டுக்குக் கடைக்காரர் ஏன் வங்கிக்குத் தரகு கொடுக்கப் போகிறார்?

அந்த வரிசை எப்படி உருவானது என்பதற்குக் கொஞ்சம் பின்னால் போகவேண்டும். 1969 டிசம்பர் 25 அன்று சீக்கோ நிறுவனம் தோக்கியோவில் அஸ்ட்ரோன் என்ற முதல் குவாட்ஸ் (பற்றரியில் ஓடும்) கைக்கடிகாரத்தை விற்பனைக்கு விட்டது. விலை 4,50,000 யென், அந்நாளில் ஒரு ரொயோட்டா கொரோலாவின் விலை. சில ஆண்டுகளில் குவாட்ஸ் மலிந்தது. சுவிஸ் தொழில் நிலைகுலைந்தது. 1970 அளவில் ஏறத்தாழ 90,000 பேர் வேலை செய்த அந்தத் தொழிலில் எண்பதுகளின் நடுப்பகுதியில் மூன்றிலொரு பங்கினரே மிஞ்சினார்கள். நேரம் காட்டுவதில் இனி வெல்ல முடியாது என்று தெரிந்தபின் மிஞ்சியவர்கள் வேறொன்றை விற்கத் தொடங்கினார்கள்: கைவேலை, பரம்பரை, அந்தஸ்து. இன்றும் அதுதான் நிலைமை. கிரோனோமீட்டர் என்ற துல்லியச் சான்றிதழ் பெற்ற சுவிஸ் இயந்திரத்துக்கு நாளொன்றுக்கு 4 செக்கன் பிந்தவும் 6 செக்கன் முந்தவும் அனுமதி உண்டு. மலிவான குவாட்ஸ் மணிக்கூடு ஒரு மாதத்தில்தான் பதினைந்து செக்கன் அளவு பிழைக்கும். நேரம் பார்க்க மட்டும் ஒருவர் ஆறு இலட்சம் கொடுப்பதில்லை. கொடுப்பவருக்கும் அது தெரியும்.

அந்தஸ்தை விற்பவர் எல்லாருக்கும் விற்றால் அந்தஸ்து போய்விடும். ரோலெக்ஸ் ஆண்டுக்குப் பத்து இலட்சத்துக்கும் மேல் செய்கிறது என்பது சந்தை மதிப்பீடு, அப்படியிருந்தும் அதன் உருக்கு மொடல்கள் பலவற்றுக்குக் காத்திருப்புப் பட்டியல். 1972 இல் ஓடெமார் பிகே என்ற சுவிஸ் நிறுவனம் வெளியிட்ட ரோயல் ஓக், 1976 இல் இன்னொரு சுவிஸ் நிறுவனமான பட்டெக் பிலிப் வெளியிட்ட நோட்டிலஸ் என்ற உருக்கு மணிக்கூடுகள் இரண்டையும் வரைந்தவர் ஜெரால்ட் ஜெண்டா என்ற ஒரே ஆள். தங்கத்தின் விலைக்கு உருக்கை விற்ற அந்தத் துணிச்சலை அன்று பலர் சிரித்தார்கள். இன்று அவை கடை விலையைவிட வெளியில் கூட விலை போகின்றன. இந்த வகைக்குக் கழிவும் கிடையாது, பூச்சிய வட்டியும் எளிதில் கிடையாது.

ஆகவே "மணிக்கூடும் ஒரு முதலீடுதானே" என்று தவணைப் படிவத்தில் கையெழுத்து வைப்பவர் பெரும்பாலும் முதலீடாகாத மணிக்கூட்டுக்குத்தான் கையெழுத்து வைக்கிறார். ஏறும் மணிக்கூடுகளும் எப்போதும் ஏறுவதில்லை. கொரோனாக் காலத்தில் வீட்டுக்குள் அடைபட்ட பணக்காரர்கள் வாங்கித் தள்ளியதில் பழைய மணிக்கூட்டுச் சந்தை 2022 இன் முற்பகுதியில் உச்சத்தைத் தொட்டது. அந்த மார்ச்சில் அமெரிக்க மத்திய வங்கி வட்டியை உயர்த்தத் தொடங்கியது, கிரிப்டோ சரிந்தது, மணிக்கூடு விலையும் கூடவே இறங்கியது. உச்சத்தில் வாங்கியவர்கள் இன்னும் அதைக் கட்டிக்கொண்டு திரிகிறார்கள், விற்க மனமில்லாமல்.

இலங்கையில் வாங்கும் புதிய மணிக்கூட்டுக்கு இன்னொரு இறக்கமும் சேர்கிறது. 2024 ஜனவரி 1 முதல் வற் எனும் பெறுமதி சேர் வரி 18 சதவீதம். ஆறு இலட்சம் ரூபா விலைச்சீட்டுக்குள் 91,500 ரூபாவுக்கு மேல் அந்த வரி மட்டுமே. இறக்குமதியில் விழும் வரிகளும் 2022 ஒக்டோபரில் வந்த 2.5 சதவீத எஸ்.எஸ்.சீ.எல். எனும் சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு வரியும் தனி. நாளைக்கு நீங்கள் விற்கப்போனால் வாங்குபவர் உங்களுக்கு வரியைத் திருப்பித் தரமாட்டார். கடை வாசலைத் தாண்டும்போதே அந்தப் பங்கு அரசாங்கத்துக்குப் போய்விட்டது. தவணை மட்டும் அதற்கும் சேர்த்துப் பன்னிரண்டு மாதம் ஓடும்.

2022 ஐ மறந்துவிட்டுப் பேச முடியாது

இவ்வளவும் சொன்னபின், தவணைக்காரர் ஒருவர் என்னை மடக்கக்கூடிய இடம் ஒன்று இருக்கிறது. 2022 ஜனவரியில் நீண்ட தவணையில் வாங்கியவர் என்ன ஆனார்? அப்போது டொலர் 203 ரூபாவில் கட்டிவைக்கப்பட்டிருந்தது. மார்ச்சில் கயிற்றை அவிழ்த்துவிட்டார்கள். மே மாதம் 360 ரூபா. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதம். அவருடைய தவணையோ அதே ரூபா, அதே தொகை. கடையில் அதே மணிக்கூட்டின் விலைச்சீட்டு மாறிக்கொண்டே போக, அவர் பழைய விலையில் சம்பளத்திலிருந்து கட்டிக்கொண்டிருந்தார். மாறாத ரூபாக் கடன் அந்த வருடம் ஒரு வரமாக இருந்தது, வேலை போகாதவருக்கு.

அந்தக் கடைசிச் சொற்களில்தான் விடயம். அதே வருடத்தில் ஹோட்டல்காரர், சுற்றுலா வழிகாட்டி, கட்டடத் தொழில் செய்தவர் எத்தனையோ பேருக்கு வருமானம் நின்றது. தவணை தவறியவர்களுக்கு அந்த 36 சதவீத வட்டி காத்திருந்தது. நெருக்கடியில் ஒரே கடன் ஒருவருக்கு வரமாகவும் அடுத்தவருக்குச் சுருக்காகவும் ஆனது. இருவரையும் பிரித்தது நிலையான சம்பளம்தான், சாமர்த்தியமோ மணிக்கூட்டு அறிவோ கிடையாது. இன்று தவணை எடுப்பவர் கேட்டுக்கொள்ள வேண்டியதும் ரூபா விழுமா என்பதைவிட, விழுந்தால் என் வருமானம் நிற்குமா என்பதுதான்.

நெருக்கடி வந்தபோது கொழும்புத் தமிழ் வீடுகள் எதை வைத்துத் தப்பின என்று பார்த்தாலும் ஒன்று புரியும். நகைக்கடைகள் நிறைந்த செட்டியார் தெருவுக்கோ பக்கத்து வங்கிக் கிளைக்கோ ஒரு சங்கிலியோடு போனால் அன்றைக்கே காசு. தராசு ஒன்று, அன்றைய பவுண் விலை ஒன்று, பேச்சு முடிந்தது. ஆறு இலட்சம் ரூபா மணிக்கூட்டோடு அதே கவுன்டருக்குப் போனால் அழகாயிருக்கிறது என்பார்கள். அதை விற்க ஆள் தேட வேண்டும், அவர் அதை அசல் என்று நம்ப வேண்டும், பெட்டியும் உத்தரவாத அட்டையும் கேட்பார், கடைசியில் பாதி விலையில் தொடங்குவார். தங்கத்துக்கு இருக்கும் சந்தை மணிக்கூட்டுக்குக் கொழும்பில் இன்னும் வளரவில்லை. கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு மோதிரம், சங்கிலி, மணிக்கூடு என்று ஒரே தட்டில் வைக்கிறோம். மூன்றாவது மற்ற இரண்டின் இனம் இல்லை. மாமனார் அதைத் தவணையில் வாங்குகிறார் என்றால் கல்யாணம் முடிந்தும் ஒரு வருடம் அவர் கட்டிக்கொண்டிருப்பார். இந்த இடத்தில் மலிவாக ஒரு நல்ல சீக்கோவோ சிட்டிசனோ வாங்கி மிச்சத்தைப் பவுணாக வைத்தால் மாப்பிள்ளையும் கோபிக்கமாட்டார் என்பது என் கணிப்பு. மத்திய கிழக்கில் உழைத்துத் திரும்பிய ஒரு தலைமுறையே சீக்கோ 5 ஐக் கட்டிக்கொண்டுதானே வீடு கட்டியது.

சீட்டுப் பிடித்து வாங்குவது இன்னொரு பழைய வழி. அலுவலகத்தில் பன்னிரண்டு பேர் மாதம் ஐம்பதாயிரம் போடும் சீட்டில் உங்கள் முறை வந்ததும் ஆறு இலட்சத்தை மொத்தமாக எடுத்து, கடையில் அந்த 10 சதவீதத்தைக் கழித்துக் கேட்கலாம். வட்டியும் இல்லை, கிரிப்பும் இல்லை. சீட்டுக்காரர் ஓடாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அது சின்ன விடயமில்லை.

கொழும்பில் தமிழ் பேசும் முஸ்லிம் வாசகர்களுக்கு இந்தக் கேள்வி வேறு கோணத்தில் எழும். தவணைக்கு விற்கும்போது கைக்காசு விலையைவிடக் கூடுதலாக ஒரு விலையைப் பேசி, அதை ஒப்பந்தத்திலேயே உறுதிசெய்துவிட்டால் பெரும்பாலான இஸ்லாமியச் சட்ட அறிஞர்கள் அதை வியாபாரமாகவே கொள்கிறார்கள். சிக்கல் மணிக்கூட்டு விலையில் இல்லை, அட்டை ஒப்பந்தத்தில்: பிந்தினால் வட்டி கட்டுவேன் என்று அதில் கையெழுத்து வைக்கிறோம். ஒருபோதும் பிந்தமாட்டேன் என்ற உறுதியுடையவர் பாவிக்கலாம் என்போரும், நிபந்தனையே கூடாது என்போரும் உண்டு. தமது உலமாவிடம் கேட்பதே முறை. முராபஹா முறை இதிலிருந்து வேறுபட்டது. வங்கி பொருளைத் தான் வாங்கி, தன் இலாபம் இவ்வளவு என்று வெளிப்படையாகச் சொல்லி உங்களுக்கு விற்கிறது. இலங்கையில் முழுமையாக இஸ்லாமிய முறையில் இயங்கும் அமானா வங்கி 2011 இல் தொடங்கியது. ஒரு விதத்தில் முராபஹாக் கடதாசிதான் நேர்மையானது: அசல் விலை ஒரு வரியில், இலாபம் அடுத்த வரியில். பூச்சிய வட்டி விளம்பரத்தில் இரண்டும் ஒரே இலக்கத்துக்குள் ஒளிந்திருக்கின்றன.

துபாயில் வாங்கிக் கொண்டுவரச் சொல்வது நம் எல்லாருக்கும் தெரிந்த வழி. அங்கே வற் 2018 இல் தொடங்கியபோதே 5 சதவீதம்தான், பயணிகளுக்கு அதையும் திருப்பிக் கேட்கும் வசதி உண்டு. ரோலெக்ஸுக்கு 2015 முதல், ஒமேகாவுக்கு 2018 முதல் ஐந்து ஆண்டு சர்வதேச உத்தரவாதம் இருப்பதால் எங்கே வாங்கினாலும் உத்தரவாதம் கூடவே வரும். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் சலுகை எல்லைக்கு மேற்பட்டதை அறிவிக்க வேண்டும் என்பதை மட்டும் மைத்துனருக்குச் சொல்லிவையுங்கள். இந்த வழியில் தவணை கிடையாது, ஆனால் தவணையின் விலை என்ன என்று அளந்து பார்க்க இதைவிட நல்ல அளவுகோலும் கிடையாது: துபாய் விலைக்கும் கொழும்புத் தவணை விலைக்கும் இடையில் நிற்கும் தொகையைப் பாருங்கள். உள்ளூர் முகவரிடம் வாங்கினால் பழுது பார்க்க ஒரு முகவரி இருக்கும், அது உண்மைதான். அதற்கு நீங்கள் எவ்வளவு கொடுப்பீர்கள் என்பது உங்கள் கணக்கு.

பழுது பார்ப்பதென்றதும் ஒன்று. இயந்திர மணிக்கூடு வாங்கி முடிவதில்லை. ஒமேகா ஐந்து முதல் எட்டு ஆண்டுக்கொருமுறை, ரோலெக்ஸ் ஏறத்தாழப் பத்து ஆண்டுக்கொருமுறை முழுப் பராமரிப்புச் சொல்கின்றன. செக்கனுக்கு எட்டு அடி அடிக்கும் இயந்திரத்தைக் கழற்றி, கழுவி, எண்ணெயிட்டுத் திரும்பப் பூட்டும் வேலை அது. கோட்டையிலும் புறக்கோட்டையிலும் கண்ணில் உருப்பெருக்கியைச் செருகிக்கொண்டு சின்னப் பெட்டிக் கடைக்குள் குனிந்திருக்கும் பழைய வேலைக்காரர்களுக்குக் கைப்பழக்கம் இருக்கிறது. உதிரிப்பாகம் கிடைப்பதில்லை, பல சுவிஸ் நிறுவனங்கள் அதைத் தங்கள் நிலையங்களுக்கு மட்டுமே கொடுக்கின்றன. நமது கடற்கரைக் காற்றும் வியர்வையும் தோல் பட்டியை ஒரு வருடத்துக்குள் நாறவைத்துவிடும், நீர்புகா இறப்பரையும் மெல்ல இறுக்கிவிடும். வெள்ளவத்தைக் கடலோரத்தில் குடியிருந்து தோல் பட்டி மணிக்கூடு கட்ட நினைப்பவருக்கு என் அனுதாபம். உருக்குச் சங்கிலி அல்லது இறப்பர்ப் பட்டி எடுங்கள்.

கடைசியாகப் பலர் கேட்காமல் விடும் ஒன்று. தவணை நடந்துகொண்டிருக்கும்போது மணிக்கூட்டை விற்கலாமா? விற்கலாம். வாகன லீசிங்கில் வாகனத்தின் உரிமை நிதி நிறுவனத்திடம் நிற்கும், இங்கே அப்படியில்லை. பற்றுச்சீட்டு உங்கள் பெயரில், பொருள் முதல் நாளிலிருந்தே உங்களுடையது, வங்கி மணிக்கூட்டைத் தேடி வராது. ஆனால் கடன் மணிக்கூட்டோடு போவதுமில்லை. ஆறாம் மாதத்தில் மூன்றரை இலட்சத்துக்கு விற்றால் மூன்று இலட்சம் இன்னும் அட்டையில் நிற்கும். அதை உடனே அடைத்துவிடலாம் என்று எண்ணினால் முன்கூட்டியே முடிப்பதற்குக் கட்டணம் உண்டா என்று முதலில் கேளுங்கள். கட்டணம் உண்டென்றால் அடைக்காதீர்கள். விற்ற காசை வேறொரு கணக்கில் போட்டு, மாதாமாதம் அதிலிருந்து கட்டிக்கொண்டு போங்கள். வட்டிதான் இல்லையே.